பால் சேகரிப்பு வண்டிகளின் வழித்தடம்: கிலோமீட்டரும் காத்திருப்பும் எதிரெதிராக இழுக்கும்போது எந்த ஹியூரிஸ்டிக்கை (தோராயத் தேடல் முறையை) நம்புவது?

கேள்வி: பால்வழி

வணக்கம். கொங்குப் பகுதியில் இயங்கும் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்காக வண்டிகளின் வழித்தடங்களை வகுத்துத் தரும் நிரல் ஒன்றை நான்கு மாதங்களாக எழுதிவருகிறேன். நாள்தோறும் காலையில் 42 சங்கங்களில் ஊற்றப்படும் பாலை 5 வண்டிகள் கேன்களில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். சங்கங்களில் தனியாகக் குளிர்விக்கும் வசதி கிடையாது. எந்த வண்டி எந்தெந்த ஊர்களுக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

நிலையத்தார் மூன்றைக் கேட்கிறார்கள். டீசல் செலவுக்காக மொத்தக் கிலோமீட்டர் குறைய வேண்டும். பால் கெடாமலிருக்க அது வண்டியில் இருக்கும் நேரம், அதாவது காத்திருப்பு, குறைய வேண்டும். ஓட்டுநர்களிடையே மனத்தாங்கல் வராதபடி ஐந்து வண்டிகளின் ஓட்டமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும்.

கிளார்க்கும் ரைட்டும் 1964-இல் வெளியிட்ட சேமிப்பு முறையால் தொடக்கத் திட்டத்தை அமைத்து, பிறகு 2-ஆப்ட் முறையால் (சுற்றின் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது) ஒவ்வொரு சுற்றையும் திருத்துகிறேன். மூன்று குறிக்கோள்களையும் எடையிட்டுக் கூட்டி ஒரே எண்ணாக்கி, அந்த எண்ணைக் குறைப்பதுதான் இப்போதைய வழி. கிலோமீட்டரின் எடையை 0.1-இலிருந்து 0.9 வரை மாற்றி ஒன்பது முறை ஓட்டிப் பார்த்தேன். வெவ்வேறான திட்டங்கள் மூன்றே மூன்றுதான் கிடைத்தன. நடுவே சமரசமான திட்டங்கள் இருக்கும் என்று நம்பினேன், ஒன்றும் வரவில்லை. மூன்றாம் குறிக்கோளை, அதாவது நீண்ட சுற்றுக்கும் குறுகிய சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை, சற்று அழுத்திக் கொடுத்தால், பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் திட்டங்கள் வருகின்றன.

இது என் நிரலில் உள்ள பிழையா, முறையின் குறையா? என்.எஸ்.ஜி.ஏ-2 போன்ற, திட்டங்களைக் கலந்து புதியவற்றைப் பிறப்பிக்கும் மரபணு முறைக்கு மாறிவிட்டால் சரியாகுமா?

மறுமொழி 1: சேமிப்புக்கணக்கு

முதலில் அலகுகளைப் பாருங்கள். கிலோமீட்டர் சில நூறுகளிலும் காத்திருப்பு சில பத்துகளிலும் இருக்கையில், 0.1, 0.9 என்ற எடைகள் நீங்கள் நினைக்கும் விகிதத்தைத் தருவதில்லை. ஒவ்வொரு குறிக்கோளையும் தனியாகக் குறைத்து அதன் மிகச் சிறந்த மதிப்பைக் கண்டுகொண்டு, மற்றதை மட்டும் குறைக்கும்போது அது எவ்வளவு மோசமாகிறது என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த இடைவெளியால் வகுத்த பிறகே எடையிடுங்கள். அப்படிச் செய்தால் மூன்று திட்டங்கள் ஆறாகக்கூடும். ஆனாலும் சில நல்ல திட்டங்கள் எந்த எடைக்கும் அகப்படமாட்டா. அது முறையிலேயே உள்ள குறை.

ஒரு சிறிய கணக்கால் காட்டுகிறேன். மூன்று திட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் திட்டம் 300 கி.மீ., 90 நிமிடக் காத்திருப்பு. இரண்டாவது 330 கி.மீ., 72 நிமிடம். மூன்றாவது 340 கி.மீ., 60 நிமிடம். இவற்றுள் எதுவும் மற்றொன்றை இரண்டு வகையிலும் விஞ்சவில்லை. ஆகவே மூன்றுமே பரேட்டோ முறையில் நிற்கத் தகுந்தவை. இப்போது இரண்டாவது திட்டத்தை வெற்றிபெறச் செய்யும் எடைகளைத் தேடுங்கள். அது முதல் திட்டத்தை வெல்ல வேண்டுமானால், கூடும் 30 கி.மீ.யின் எடை, குறையும் 18 நிமிடங்களின் எடையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். அதாவது கிலோமீட்டர் எடையை நிமிட எடையால் வகுத்தால் 0.6-க்குக் கீழே வர வேண்டும். மூன்றாவது திட்டத்தை வெல்ல அதே விகிதம் 1.2-க்கு மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. வரைபடத்தில் புள்ளிகளை வைத்து அவற்றுக்குக் கீழே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் நூலைத் தொடும் புள்ளிகள் மட்டுமே எடைகளுக்குக் கிடைக்கும். நூலுக்குச் சற்று மேலே, உட்குழிந்த இடத்தில் இருக்கும் புள்ளிகள் கிடைக்கமாட்டா. நீங்கள் எதிர்பார்த்த சமரசத் திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதற்கு எளிய மாற்று, எப்சிலான் கட்டுப்பாட்டு முறை. ஹைம்ஸ், லாஸ்டன், விஸ்மர் ஆகியோர் 1971-இலேயே முன்வைத்தது. ஒரு குறிக்கோளை மட்டும் குறைத்து, மற்றதை ஒரு வரம்புக்குள் அடக்கிவிடுவது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ‘காத்திருப்பு 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது’ என்று வைத்தால் இரண்டாவது திட்டம் உடனே கைக்கு வரும். வரம்பை 90-இலிருந்து ஐந்தைந்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் உங்கள் பழைய நிரலையே ஓட்டலாம். முந்தைய ஓட்டத்தின் விடையை அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்தால் நேரமும் மிச்சம்.

இன்னொன்று. சேமிப்பு முறையில் இரண்டு சுற்றுகளை இணைப்பதால் வரும் சேமிப்பு என்பது, நிலையத்திலிருந்து இரண்டு ஊர்களுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டி, ஊர்களுக்கு இடையிலான தொலைவைக் கழித்தால் வருவது. அதில் காத்திருப்பு எங்குமே இல்லை. ஒவ்வோர் இணைப்பும் கிலோமீட்டரைக் குறைத்து, முதலில் ஏற்றிய பாலின் பயணத்தை நீட்டுகிறது. ஆகவே உங்கள் தொடக்கத் திட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்ததாகவே இருக்கும். 2-ஆப்ட் அதன் அருகிலேயே சுற்றிவரும். தொடக்கங்களைப் பலவாக்குங்கள்.

மறுமொழி 2: திசைகாட்டி

எடைகளைத் தொடுவதற்கு முன்பே, செலவே இல்லாமல் கிடைக்கும் ஒன்றைப் பார்த்தீர்களா? சுற்றின் திசை.

நிலையத்திலிருந்து முதல் ஊர் 10 கி.மீ., அங்கிருந்து இரண்டாம் ஊர் 8 கி.மீ., அங்கிருந்து மூன்றாம் ஊர் 6 கி.மீ., மூன்றாம் ஊரிலிருந்து நிலையம் 20 கி.மீ. என்று கொள்ளுங்கள். மொத்தம் 44. பால் முறையே 400, 200, 100 லிட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், ஏற்றும் நேரத்தை விட்டுவிட்டால், முதல் ஊரில் தொடங்கிச் சுற்றும்போது பால்கள் 68, 52, 40 நிமிடம் வண்டியில் இருக்கின்றன. லிட்டரை நிமிடத்தால் பெருக்கி, லிட்டர்-நிமிடமாகக் கூட்டினால் 41,600. அதே சாலையில் மூன்றாம் ஊரிலிருந்து திரும்பி வந்தால் அவை 20, 36, 48 நிமிடமாகி, கூட்டுத்தொகை 20,000-ஆகக் குறைகிறது. கிலோமீட்டர் அதே 44-தான். வெற்று வண்டி தொலைவாகவும் நிறைந்த வண்டி குறைவாகவும் ஓடுவதால் டீசலும் சற்றுக் குறையவே வாய்ப்பு உண்டு.

தொலைவை மட்டும் பார்க்கும் 2-ஆப்ட் இந்த இரண்டையும் ஒரே விடையாகக் கருதிவிடும். உங்கள் நிரல் அப்படிக் கருதுகிறதா என்று பாருங்கள். கருதினால், நீங்கள் கண்ட மூன்று திட்டங்களில் பாதிச் சுற்றுகளாவது தவறான திசையில் இருக்கக்கூடும்.

மறுமொழி 3: கேன்முதல்நிலையம்வரை

நான் நிரல் எழுதுபவன் அல்லன். பால் தரச் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். மேலே உள்ள கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதில் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பால் வண்டியில் ஏறும் நேரத்திலிருந்து கெடத் தொடங்குவதில்லை. கறந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. மடியிலிருந்து வரும்போது அது மாட்டின் உடல் வெப்பத்தில் இருக்கிறது. 4 பாகைக்குக் குளிர்வித்தால்தான் நுண்ணுயிர்களின் பெருக்கம் அடங்கும். சங்கத்துத் திண்ணையில் கேன் நிற்பதும் வண்டியில் ஓடுவதும் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாச் சங்கங்களிலும் 7 மணிக்கு ஊற்றி முடிகிறது என்று வையுங்கள். முந்தைய எடுத்துக்காட்டில் வண்டி 7 மணிக்கு முதல் ஊரை அடைந்தால் 8.08-க்கு நிலையம் வரும். 7 மணிக்கு மூன்றாம் ஊரை அடைந்தால் 7.48-க்கு வரும். எந்த ஊரின் பாலானாலும் காத்திருப்பு 68 அல்லது 48 நிமிடம். திசையால் ஆதாயம் உண்டு. ஆனால் ஆதாயம் 20 நிமிடம் மட்டுமே, அதுவும் தொலைவான முதல் ஓட்டத்தை வண்டி 7 மணிக்கு முன்பே வெறுமையாக ஓடி முடித்துவிடுவதால் வருவது. இடையில் எந்த ஊர் முன், எந்த ஊர் பின் என்பதற்கு லிட்டர் கணக்கில் பொருளே இல்லை. வண்டி 7 மணிக்குத்தான் நிலையத்தை விட்டுக் கிளம்பும் என்றால், இரு திசையிலும் 88 நிமிடம், ஆதாயம் சுழி.

நண்பர் திசைகாட்டி சொன்ன பாதிக்குப் பாதி ஆதாயம் வேண்டுமானால், ஊற்றும் நேரத்தையே வண்டியின் வரவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். தொலைவான ஊர் முன்னதாகவும் பக்கத்து ஊர் பின்னதாகவும் ஊற்ற வேண்டும். அதைச் சங்கச் செயலாளர்களிடம் பேசித்தான் முடிக்க முடியும். கறவைக்காரர்கள் அரை மணி நேரம் முன்பின் நகர்வார்கள். அதற்கு மேல் நகரமாட்டார்கள். மாட்டுக்கும் அதன் நேரம் உண்டு.

மேலும் சராசரிக் காத்திருப்பைக் குறைக்காதீர்கள். புதிதாகக் கறந்த பாலுக்கு நுண்ணுயிர்களைத் தடுத்து நிற்கும் ஆற்றல் இயற்கையாகவே சிறிது நேரம் உண்டு. அது தீர்ந்த பிறகு கெடுதல் விரைவாகிறது. பத்து ஊர்ப் பால் ஐந்து நிமிடம் முன்னால் வருவதைக் காட்டிலும், கடைசியாக வரும் ஓர் ஊர்ப் பால் ஐம்பது நிமிடம் முன்னால் வருவது முக்கியம். மெத்திலீன் நீலச் சோதனையில், நுண்ணுயிர் மிகுதியால் நீலம் சீக்கிரம் வெளுத்துப்போகும் கேன்கள் எப்போதும் அந்தக் கடைசி வண்டியினுடையவையாகவே இருந்தன. தொட்டியில் எல்லாம் கலந்த பிறகு நல்ல பாலும் அதோடு சேர்ந்து தரம் இழக்கும்.

பால்வழி:

மூவருக்கும் நன்றி. திசையை என் நிரல் பொருட்படுத்தவே இல்லை என்பது உண்மை. கடிகாரம் பற்றிய குறிப்பு என் கணக்கையே மாற்றிவிட்டது. நான் வண்டியில் ஏறிய நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடியும் நேரத்திலிருந்து எண்ணி, அதில் மிகப் பெரியதைக் குறைப்பது என்று மாற்றிக்கொள்கிறேன். ஓட்டுநர் சமநிலையும் தேடும் முறையும்தான் இன்னும் தெளிவாக வேண்டும்.

மறுமொழி 4: அண்டைத்தேடல்

சமநிலையை முதலில் முடித்துவிடலாம். இரண்டு வண்டிகள் 120, 100 கி.மீ. ஓடுகின்றன, மொத்தம் 220, வேறுபாடு 20. இரண்டாம் வண்டியை வீணாக 18 கி.மீ. சுற்றவிட்டால் மொத்தம் 238, வேறுபாடு 2. வேறுபாட்டைக் குறிக்கோளாக வைத்தால், கணக்கின்படி இந்த இரண்டாவது திட்டத்தை முதலாவது விஞ்சவில்லை. ஆகவே நிரல் அதைச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைத்துக்கொள்ளும். உங்கள் வண்டி ஊரைச் சுற்றியது நிரலின் பிழையால் அன்று. நீங்கள் கேட்டதையே அது கொடுத்தது. இவ்வகை அளவுகள் வழித்தடங்களை எப்படிக் கெடுக்கின்றன என்பதை மாட்ல், ஹார்ட்ல், விடால் ஆகிய மூவரும் 2018-இல் வெளியான கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மிக நீண்ட சுற்றின் நீளத்தைக் குறைப்பது என்று மாற்றுங்கள். அப்போது மேற்கண்ட இரண்டிலும் அது 120. மொத்தம் குறைந்த முதல் திட்டம் மற்றதை விஞ்சிவிடும், வீண்சுற்று தானாக நீங்கும். உங்கள் நிலையில் நான் இதையும் குறிக்கோளாக வைக்காமல், ஓட்டுநர்களோடு பேசி ஒரு மேல்வரம்பாக வைத்துவிடுவேன். இரண்டு குறிக்கோள்கள் என்றால் வரைபடமாகத் தாளில் போட்டு நிலையத்தாரிடம் காட்டலாம். மூன்று என்றால் அவர்களால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

என்.எஸ்.ஜி.ஏ-2 பற்றி: அது கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மய் தேபும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட முறை. விஞ்சப்படாத தீர்வுகளை அடுக்கடுக்காகப் பிரித்து, ஓர் அடுக்குக்குள் நெரிசல் குறைவான இடத்தில் உள்ளவற்றுக்கு முன்னுரிமை தருவது அதன் உயிர்நாடி. தேர்வு செய்யும் பகுதி அருமையானது. ஆனால் வழித்தடங்களில் தளர்வது அதுவன்று, கலப்புப் பகுதி. இரண்டு நல்ல திட்டங்களை வெட்டி ஒட்டினால், பல நாள் பழகிய ஓட்டுநர் அமைத்ததைப் போன்ற சுற்றுகள் துண்டாகி, குப்பையான குழந்தைகளே பெரும்பாலும் பிறக்கும். ஆகவே கலப்புக்குப் பின் அண்டைத் தேடலால் (திட்டத்தில் சிறு மாற்றங்களைச் செய்து பார்ப்பதால்) திருத்தாத மரபணு முறை இந்தக் கணக்கில் மெதுவாகவே முன்னேறும். லாக்கோம், பிரின்ஸ், செவோ ஆகியோர் 2006-இல், குப்பை சேகரிப்பு போன்ற தெருவழிச் சிக்கலுக்கு, மொத்தச் செலவையும் மிக நீண்ட சுற்றையும் ஒருசேரக் குறைக்க இந்த முறையையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் அண்டைத் தேடலை அதனுடன் சேர்த்தே பயன்படுத்தினார்கள்.

42 சங்கங்களுக்கு நான் இதைவிட எளிதானதையே எழுதுவேன். விஞ்சப்படாத திட்டங்களை வைக்க ஒரு பெட்டகம். அதில் முதலில் இரண்டு முனைகள்: கிலோமீட்டரை மட்டும் குறைத்த திட்டம் ஒன்று, காத்திருப்பை மட்டும் குறைத்தது ஒன்று. முனைகள் நன்றாக இல்லாவிட்டால் நடுவில் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை. ஆகவே இவற்றுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். பிறகு பெட்டகத்தில் இன்னும் ஆராயாத ஒரு திட்டத்தை எடுத்து, அதன் அண்டைத் திட்டங்களை எல்லாம் பாருங்கள்: ஒரு சங்கத்தை வேறு வண்டிக்கு மாற்றுவது, இரண்டு சங்கங்களை இடம் மாற்றுவது, 2-ஆப்ட், முழுச் சுற்றையும் திருப்பிப் போடுவது. எந்த அண்டையைப் பெட்டகத்தில் உள்ள எதுவும் விஞ்சவில்லையோ அது உள்ளே வரும். அது விஞ்சுகிறவை வெளியே போகும். ஆராயாதவை இல்லாமல் போகும்வரை இது தொடரும். பாக்கெட், கியாரண்டினி, ஷ்டூட்ஸ்லே ஆகியோர் 2004-இல் எழுதிய பரேட்டோ அண்டைத் தேடல் என்பது இதுதான். அது நின்ற பிறகு, ஷா 1998-இல் காட்டிய வழியில் ஒரு திட்டத்திலிருந்து அருகருகே உள்ள ஏழெட்டுச் சங்கங்களைப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் வேறு எடையோடு திரும்பச் செருகி, மீண்டும் தேடலைத் தொடங்குங்கள். எடைகள் முடிவைத் தீர்மானிக்க உதவாவிட்டாலும், தேடலின் திசையை மாற்ற நன்றாகவே உதவும்.

பெட்டகம் வீங்கிக்கொண்டே போகும் என்பதையும் எதிர்பாருங்கள். 300 மீட்டர் வேறுபாட்டுக்காக இரண்டு திட்டங்களை வைத்திருப்பது நிலையத்தாருக்குப் பயன்படாது. ஒப்பிடும்போது மட்டும் கிலோமீட்டரையும் நிமிடத்தையும் முழு எண்ணாக்கிக்கொண்டால் பெட்டகம் கைக்கு அடக்கமாக இருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். 2-ஆப்ட் ஒரு பகுதியைத் திருப்பிப் போடும்போது தொலைவு மாற்றத்தை இரண்டு சாலைகளை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம். லிட்டர்-நிமிடம் அப்படி அன்று, திருப்பிய பகுதி முழுவதும் மாறுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண்களை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்: அதைக் கடக்கும் நேரம், அதில் ஏறும் பால், பகுதியின் முடிவுவரை சேரும் லிட்டர்-நிமிடம். முன்பகுதியையும் பின்பகுதியையும் ஒட்டும்போது, இரண்டின் லிட்டர்-நிமிடங்களைக் கூட்டி, முன்பகுதியின் பாலை இடைச்சாலை நேரமும் பின்பகுதியின் நேரமும் சேர்ந்த தொகையால் பெருக்கிச் சேர்த்தால் ஒட்டிய பகுதியின் கணக்கு வந்துவிடும். திருப்பிய பகுதிக்கும் இதே மூன்றையும் தனியாக வைத்திருந்தால் எந்த அண்டைத் திட்டத்தையும் ஒரு சில கூட்டல் பெருக்கல்களில் மதிப்பிடலாம். மிகப் பெரிய காத்திருப்பை எடுத்தாலும் இதே கட்டமைப்பு போதும்; ‘பகுதியில் மிக முன்னதாக ஊற்றி முடியும் நேரம்’ என்ற எண்ணை மூன்றாவதன் இடத்தில் வையுங்கள். ஒட்டும்போது இரண்டு பகுதிகளின் எண்களில் முந்தியதை எடுத்து, வண்டி நிலையம் சேரும் நேரத்திலிருந்து அதைக் கழித்தால் போதும்.

நிரலை நம்புவதற்கு முன் ஒரே வண்டிக்கு எட்டுச் சங்கங்களை எடுத்துக்கொண்டு எல்லா வரிசைகளையும் எண்ணிப் பாருங்கள். 40,320 வரிசைகள்தான், கணினிக்கு ஒரு நொடி வேலை. அதில் வரும் விஞ்சப்படாத தீர்வுகள் அனைத்தையும் உங்கள் தேடல் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தால், மேலே சொன்ன ஒட்டும் கணக்கில் பிழை இருந்தாலும் தெரிந்துவிடும்.

பால்வழி:

எட்டுச் சங்கச் சோதனையைச் செய்தேன். முதல் ஓட்டத்தில் என் தேடல் இரண்டு தீர்வுகளைத் தவறவிட்டது. திருப்பிய பகுதியின் நேரத்தை, போகும் திசைக்கும் வரும் திசைக்கும் ஒன்றாகவே எடுத்திருந்தேன். எங்கள் வழியில் ஒரு ரயில்வே கேட் வளைவில் ஒருவழிச் சாலை இருப்பதால் அது உண்மையில்லை. திருத்திய பின் எல்லாத் தீர்வுகளும் வந்தன.

ஊற்றும் நேரத்தை மாற்றுவது பற்றி, தொலைவில் உள்ள நான்கு சங்கங்களின் செயலாளர்களைச் சந்தித்தேன். மூவர் 20 நிமிடம் முன்னதாக முடிக்க ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் ஊர்க்காரர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர்கள் தந்த நேரங்களைக் கால வரம்புகளாக நிரலில் சேர்த்தால், முழுச் சுற்றையும் திருப்பிப் போடும் நகர்வு பெரும்பாலும் வரம்பை மீறிவிடுகிறது. அதை விட்டுவிடலாமா?

மறுமொழி 5: அண்டைத்தேடல்

விட்டுவிடாதீர்கள். மீறலை உடனே தள்ளாமல், தாமதமான நிமிடங்களுக்கு ஒரு தண்டம் வைத்துத் தேடலை அதன் வழியே போகவிடுங்கள்; பெட்டகத்துக்குள் மட்டும் வரம்பை மீறாத திட்டங்களையே அனுமதியுங்கள். சொலமன் 1987-இல் வெளியிட்ட, 100 வாடிக்கையாளர்கள் கொண்ட 56 சோதனைக் கணக்குகளில் கால வரம்புகள் குறுகலாக உள்ளவற்றை எடுத்து ஓட்டிப் பாருங்கள். தண்டம் எவ்வளவு வேண்டும் என்பது பிடிபடும். ஒப்புக்கொள்ளாத அந்த ஒரு சங்கத்துக்கு இரண்டு நேரங்களையும் வைத்துத் தனித்தனியாக ஓட்டி, அவர் ஒப்புக்கொண்டால் கடைசி வண்டி எத்தனை நிமிடம் முன்னால் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.